மாயா பீச் ஆகஸ்ட்ல மூடியிருக்கும், தயவுசெஞ்சு திருத்தம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல தாய்லாந்து மாயா பீச் பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் அருமை, ஆனா "ஆகஸ்ட் விடுமுறைக்கு போய் ஆசை தீர நீந்தலாம்"னு எழுதியிருந்தத படிச்சதும் எனக்கு மனசே ஆறல, அதான் உக்காந்து எழுதறேன். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் ரெண்டு மாசமும் அந்த பீச்ச மூடிடறாங்க. திறந்திருக்கற மாசத்துலயும் நீந்தக்கூடாது. முழங்கால் அளவு தண்ணில நிக்கலாம், அவ்ளோதான்.

இதெல்லாம் எனக்கும் முன்னாடி தெரியாதுங்க. பிப்ரவரில குடும்பத்தோட ஃபூக்கெட் போனப்ப டூர் புக் பண்ணிக் கொடுத்தவர் மாயா பீச்ல ஸ்நார்க்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள பாத்துக்கிட்டே நீந்தறது) உண்டுன்னு சொல்லித்தான் காசு வாங்கினாரு, என் பொண்ணு அதுக்குன்னே புது நீச்சல் கண்ணாடி எல்லாம் வாங்கி வச்சிருந்தா. போய் பாத்தா போட் பீச் பக்கமே போகல, அந்த பீச் இருக்கற ஃபி ஃபி லே தீவுக்கு பின்னாடி லோ சாமான்னு ஒரு இடத்துல மிதக்கற மேடைல இறக்கி விட்டாங்க, அங்கருந்து மரப்பலகை பாதைல காட்டுக்குள்ள நடந்து போகணும். பார்க் கட்டணம் பெரியவங்களுக்கு 400 பாத் (தாய்லாந்து பணம்), பிள்ளைங்களுக்கு 200, அதையும் அந்த ஆள் சொல்லல. பொண்ணு மூஞ்சி வாடிப்போச்சு, எனக்கோ கோவம் தலைக்கேறிடுச்சு.

ஆனா மரத்துக்கு நடுவுல இருந்து வெளிய வந்து அந்த மணல்ல கால வச்சப்ப நாங்க யாருமே பேசல. மூணு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தா நிக்குது, நடுவுல பச்சையும் நீலமும் கலந்த தண்ணி, ஒரு போட் கூட இல்ல. (அங்க எடுத்த 'தி பீச்'ங்கற ஹாலிவுட் படத்துல நாலு பக்கமும் பாறை சூழ்ந்த மாதிரி காட்டியிருப்பாங்க, அது கம்ப்யூட்டர் வேலை, நிஜத்துல கடல் பக்கம் திறந்துதான் இருக்கு.) கொஞ்ச நேரத்துல காவலர் ஒருத்தர் விசில் ஊதி எங்கள பின்னால வரச்சொல்லி தண்ணிய காட்டினாரு. முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் கரையில இருந்து நாலடி தூரத்துல, கணுக்கால் ஆழம் கூட இருக்காது, என் முழங்கை நீளத்துக்கு ஒரு சுறாக்குட்டி, துடுப்பு நுனில மட்டும் மை தொட்டு வச்ச மாதிரி கருப்பு, மணல ஒட்டி அப்படியே வளைஞ்சு வளைஞ்சு போகுது. பின்னாடியே இன்னும் ரெண்டு. பொண்ணு என் கைய இறுக்கி புடிச்சுக்கிட்டா, அதுக்கப்புறம் கண்ணாடி பத்தி அவ வாயே திறக்கல.

இந்த குட்டிங்களுக்காகத்தான் நீந்த வேணாம்னு சொல்றாங்க. பெரிய மீனுங்க வந்து புடிக்காத ஆழமில்லாத தண்ணிலதான் அதுங்க வளருது, நாம இறங்கி கலக்கினா அதுங்க எங்க போகும்? இது கெடுபிடி இல்லீங்க, அவங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டது.

டிகாப்ரியோ நடிச்ச அந்த 'தி பீச்' பட ஷூட்டிங் 1999ல அங்க நடந்தப்ப, பாக்க அழகா இருக்கணும்னு மணல் மேட்ட சமப்படுத்தி, மணல இறுக்கி புடிச்சிருந்த செடியெல்லாம் புடுங்கிட்டு தென்னைய நட்டாங்க. உள்ளூர்க்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, அந்த கேஸ் முடிய 2022 ஆயிடுச்சு, வனத்துறை கடற்கரைய சரி பண்ணியே ஆகணும்னு தாய்லாந்து சுப்ரீம் கோர்ட் சொல்ல, படக்கம்பெனி 1 கோடி பாத் தர்றதா ஒத்துக்கிச்சு. படம் வந்ததுக்கு அப்புறம் கூட்டம் பண்ணின சேதம் அத விட பெருசு. சுமார் 250 மீட்டர் நீள மணல்ல ஒரு நாளைக்கு 5 ஆயிரம் பேருக்கு மேல, ஒரு நாளைக்கு 200 போட், ஒவ்வொண்ணும் நங்கூரத்த பவளப்பாறை மேல போட்டா என்ன மிஞ்சும் சொல்லுங்க. 2018 ஜூன்ல நாலு மாசம்னு சொல்லித்தான் மூடினாங்க, கடைசில 2022 ஜனவரி வரைக்கும் திறக்கவே இல்ல. அந்த இடைவெளில ஒடிஞ்சு போன பவளத்துக்கு பதிலா ஆயிரக்கணக்குல கையால நட்டு வளத்தாங்க, மூடின சில மாசத்துலயே சுறாக்கள் கூட்டமா திரும்பி வந்துச்சு. வருமானம் போகும்னு தெரிஞ்சும் மூணரை வருஷம் மூடி வச்சாங்க பாருங்க, அதுக்கு நாம மரியாதை கொடுக்கணும்.

அதனாலதான் உங்க கிட்ட கேக்கறேன். பேப்பர்ல வந்தா சரியாத்தான் இருக்கும்னு நம்பி டிக்கெட் போடறவங்க நிறைய பேர். இனிமே இந்த மாதிரி எழுதறப்ப எந்த மாசம் மூடியிருக்கும், தண்ணில எவ்ளோ தூரம் இறங்கலாம், கட்டணம் எவ்ளோன்னு ஒரு சின்ன கட்டம் போட்டு சொல்லிடுங்க. சன்ஸ்கிரீனையும் சேத்துக்கோங்க, ஆக்ஸிபென்சோன் மாதிரி பவளத்த கெடுக்கற கெமிக்கல் இருக்கற க்ரீமுக்கு தாய்லாந்து கடல் பூங்கா எல்லாத்துலயும் 2021ல இருந்து தடை, 1 லட்சம் பாத் வரைக்கும் அபராதம் போடலாம், நம்ம ஆளுங்க பாதி பேருக்கு இது தெரியாது. நீந்தியே ஆகணும்னா அதே டூர்ல வேற இடத்துல இறக்கி விடுவாங்க, எங்களையும் சாயங்காலம் அப்படித்தான் இறக்கி விட்டாங்க, பொண்ணு கண்ணாடிய அங்க போட்டுக்கிட்டா.

திருத்தத்த அடுத்த ஞாயிறு வரைக்கும் தள்ளாம இந்த வாரமே போட்டீங்கன்னா, ஆகஸ்டுக்கு புக் பண்ணினவங்களுக்கு தேதி மாத்திக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பல வருஷ வாசகி