கணக்கெழுதும் கொல்லர்

ஷார்ஜா
ஞாயிறு காலை

அன்புள்ள சாகுல்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து போட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். விளக்கெண்ணெய்க்குப் பயந்து நீ எங்கள் வீட்டுப் பட்டறையில் ஒளிந்த நாளெல்லாம் அவருக்கு மறந்திருக்காது. வட்டியும் முதலுமாகத் தீர்க்கிறார் என்று வைத்துக்கொள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மதியத்திலும் வெல்டிங் பக்கத்தில் நிற்க முடிகிறது. மகளை வேறு பள்ளியில் சேர்க்கிறோம். அதில்தான் இந்தக் கடிதத்துக்கான விஷயம் கிடைத்தது.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஊரில் நான் ஆ. கண்ணன். பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த ‘ஆ’வை விரித்து அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டதோடு சரி, பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் என்னை எல்லாரும் ‘மிஸ்டர் ஆறுமுகம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா செத்தும் என் சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறார். இப்போது மகளுக்கு என் பெயர் கடைசியில் வரவேண்டும்; ஆக ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இதைப் போய் எங்கள் அபு ஜோர்ஜிடம் சொன்னேன். பட்டறையின் கணக்கர். லெபனானில் ஸஹ்லே என்ற ஊர்க்காரர், கிறிஸ்தவர், அறுபதை நெருங்குகிறார். மூத்த மகன் பெயர் ஜோர்ஜ் என்பதால் ஊரே அவரை அபு ஜோர்ஜ் என்கிறது. முழுப் பெயரில் கடைசியில் வருவது ஹத்தாத். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “உங்கள் வீட்டில் என்ன தொழில் செய்தார்கள்?” என்றார். இரும்பு வேலை, தாத்தா காலத்திலிருந்து உலைதான் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “அப்படியானால் என் பெயர் உங்களுடையது!” என்றார்.

உனக்குத் தெரிந்திருக்கும் சாகுல். எனக்குத்தான் இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று. ஹத்தாத் என்றால் கொல்லன். இந்த ஆள் வாழ்க்கையில் சம்மட்டியைத் தொட்டதில்லை. ஸ்டேப்ளரில் பின் மாட்டினாலே கைவிரல் சிவந்துவிடும். நான் பிறந்ததே துருத்திச் சத்தத்தில். பெயர் அவரிடம் இருக்கிறது, வேலை என்னிடம் இருக்கிறது.

ஒரு டெலிவரி சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். ஹதீத் என்றால் இரும்பு. உங்கள் குர்ஆனில் 57வது அத்தியாயத்தின் பெயரே அதுதானாமே. அந்த வேர்ச்சொல்லின் நடு எழுத்தை இரட்டித்து அடுத்த உயிரை நீட்டினால் அந்தப் பொருளோடு பிழைப்பு நடத்துகிறவன் ஆகிவிடுகிறான். அரபியில் தொழிற்பெயர்கள் பாதி இந்த அச்சில் வார்த்தவை: நஜ்ஜார் தச்சன், கப்பாஸ் ரொட்டி சுடுகிறவன், கய்யாத் தையல்காரன், சப்பாக் சாயம் போடுகிறவன், அத்தார் வாசனைச் சரக்கு விற்கிறவன். கஸ்ஸாப் என்று அவர் சொன்னதும் நான் துள்ளிவிட்டேன். நம் கசாப்புக் கடையில் தொங்குவது இந்தச் சொல்தான்! அங்கே வெட்டுகிற ஆளுக்கான பெயர், நம்மிடம் வந்து வெட்டுகிற வேலைக்கே பெயராகிவிட்டது. இந்த வரிசையில் எதை எடுத்தாலும் இன்றைக்கு அரபு நாடுகளில் குடும்பப் பெயராக இருக்கிறது. ஹதீத் என்பதுகூட உண்டு. பாக்தாதில் பிறந்து 2016இல் இறந்த கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் பெயரில் இருப்பது கொல்லன் இல்லை, இரும்பேதான்.

உச்சரிப்பில் எனக்கு ஒரு பாடம் நடந்தது. நான் ‘ஹத்தாத்’ என்றால் அவர் காதில் வேறெதுவோ விழுகிறது. நடுவில் வருவது ‘பத்து’வில் உள்ள த இல்லை, ‘பந்து’வில் உள்ள த, அதையும் அழுத்திச் சொல்லவேண்டும். முதல் எழுத்து இன்னும் கஷ்டம். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்முன் வாயால் ஊதுவோமே, அந்த மூச்சு. மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்து ஊதியே காட்டினார், ஆவி படிந்தது. அரபியில் ஹ இரண்டு. ஊதுகிற ஹ வேறு, நம்முடைய சாதாரண ஹ வேறு. பழைய சிரியாவில் இடி மழைக் கடவுள் ஒருவருக்கு ஹதத் என்று பெயர் இருந்தது. இந்தக் குடும்பத்தார் அந்தக் கடவுளின் பெயரைச் சுமக்கிறார்கள் என்று யாராவது அவரிடம் கிளப்பிவிடுவது வழக்கமாம். “அது வேறு ஹ!” என்று ஒரே போடாகப் போட்டார். தமிழில் இரண்டுக்கும் ஒரே ஹ என்பதால் நாம் அந்தக் கடவுளையும் கொல்லனையும் ஒரே பலகையில் உட்கார வைத்துவிடுவோம்.

எனக்கு அன்று இரவெல்லாம் ஒரு நினைப்பு. அப்பா ரேஷன் கார்டில் ஆறுமுகம் ஆசாரி. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஆசாரியை விட்டுவிடும்படி அவரேதான் சொன்னார். சாதி பெயரில் தொங்கவேண்டாம் என்பது நம் ஊரில் அந்தக் காலத்து நியாயம், நல்ல நியாயம். அதனால்தான் உன் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் வெறும் கண்ணனாக இருந்தான். இங்கே ஒருத்தர் கொல்லன் என்ற பெயரைக் கோட்டு போட்டுக்கொண்டு சுமக்கிறார், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அப்போ அரபு நாட்டில் கொல்லனுக்கு மரியாதை போல என்று மறுநாள் சொன்னேன். அபு ஜோர்ஜ் தலையை ஆட்டினார். பாலைவனத்துப் பழங்குடிகளிடம் போய்க் கேள் என்றார். அங்கே ஒட்டகம் மேய்த்துச் சண்டை போட்டவன் உயர்ந்தவன். வாளைச் செய்துகொடுத்த கொல்லனுக்குப் பெண் கொடுக்கமாட்டான். வாள் வேண்டும், வாள் அடித்தவன் வேண்டாம். இது நமக்குப் புதுக் கதையா?

ஏழாம் எட்டாம் நூற்றாண்டில் ஜரீர், ஃபரஸ்தக் என்று இரண்டு பெரும் புலவர்கள். வருஷக்கணக்காக ஒருவர்மேல் ஒருவர் வசை பாடியே பெயர் பெற்றவர்கள். ‘கைன்’ என்பது கொல்லனுக்கு இன்னொரு பழைய சொல். ஜரீர் அந்த ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ஃபரஸ்தக்கின் குடும்பத்தைக் கொல்லர் கூட்டம், கொல்லர் கூட்டம் என்று பாட்டுக்குப் பாட்டு அடித்திருக்கிறார். ஆக, மரியாதையெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. சந்தையும் தெருவும் உள்ள நகரங்களில் கொல்லன் வேண்டப்பட்டவன், பெயரும் நிமிர்ந்து நின்றது. கூடாரத்து ஆட்களிடம் அது நடக்கவில்லை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த கதை ரமல்லா. பாலஸ்தீனத்து ரமல்லாவேதான், தினமும் செய்தியில் வருகிற ஊர். 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் குடியேறியவர்கள் கொல்லர்கள் என்பது அங்கத்துக் குடும்பங்கள் சொல்லும் வரலாறு. இன்றைய ஜோர்டானில் இருக்கும் கரக் பக்கம் ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவக் குலம். அதில் ஒரு வீட்டில் பெண்குழந்தை பிறக்கிறது. பார்க்க வந்த வேற்று மதத் தலைவர் ஒருவர், பெரியவளானதும் என் வீட்டுக்குத் தாருங்கள் என்கிறார். விருந்தாளியின் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லக்கூடாதே என்று தலையாட்டி வைக்கிறார்கள். அவரோ விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வாக்கைக் காப்பாற்றச் சொல்லி ஆள் வந்து நிற்க, ராஷித் என்பவர் குடும்பத்தோடு இரவோடிரவாக யோர்தான் ஆற்றைத் தாண்டுகிறார். மலைமேல் ஓர் இடத்தில் நிற்கிறார். ஏன் அங்கே? சுற்றிலும் காடு. உலைக்கு விறகு! அவருடைய ஐந்து பிள்ளைகளின் வழிதான் ஊரின் பழைய குடும்பங்கள் என்கிறார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, அந்த விறகை மட்டும் நான் நம்புகிறேன். புது இடத்துக்குப் போனால் என் தாத்தாவும் முதலில் கரிக்கு என்ன வழி என்றுதான் பார்ப்பார்.

இனி உன் பக்கத்துக்கு வருகிறேன். வியாழன் இரவுகளில் உங்கள் தெருப் பள்ளிவாசலில் ஹத்தாத் ராத்திபு என்ற துதித் தொகுப்பை ஓதுவார்களே, நான் வெளித்திண்ணையில் இஞ்சி டீக்காகக் காத்திருப்பேனே, அந்த ஹத்தாத் யார் என்று அப்போது ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. உனக்கும் கேட்கத் தோன்றியிருக்காது. ஏமனின் ஹளரமவ்த் பகுதியில் தரீம் ஊரைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் பின் அலவி அல்ஹத்தாத், 1634இல் பிறந்து 1720இல் மறைந்தவர். நாலு வயதுக்குள் அம்மை வந்து கண் போய்விட்டது. கண்ணில்லாமலே படித்துப் பெரிய அறிஞரானவர். ஒரு மாணவர் கேட்டதற்காக ஹிஜ்ரி 1071, ரமலான் 27ஆம் இரவில் கோத்துக் கொடுத்ததுதான் அந்த ராத்திபு. கிட்டத்தட்ட 365 வருஷமாக ஓதுகிறார்கள். ஹளரமவ்த்துக்காரர்கள் கப்பலேறிய இடமெல்லாம் அது போயிருக்கிறது: மலபார், இலங்கை, சிங்கப்பூர், ஜாவா.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கொல்லர் வம்சம் இல்லை. நபி வழி வந்த சையிதுகள். முன்னோர்களில் அஹ்மத் என்று ஒருவர் தரீமில் ஒரு கொல்லன் பட்டறையில் போய் உட்கார்ந்து நேரம் போக்குவாராம். அதனால் ஊர் அவரைக் கொல்லன் அஹ்மத் என்று கூப்பிட, அதுவே வம்சத்துக்கு ஒட்டிக்கொண்டது. கொல்லன் உலையில் ஈக்கு என்ன வேலை என்று நாம் கேட்போம். உட்கார்ந்த ஈக்குக் கொல்லன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! அந்தக் கணக்கில் பார்த்தால் விளக்கெண்ணெய்க்குப் பயந்து எங்கள் பட்டறையில் குந்தியிருந்த நீயும் சாகுல் ஹத்தாத்.

அதனால்தான் இந்தப் பெயரை வைத்து இருவர் உறவினர் என்று சொல்லவே முடியாது. ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், ஊருக்கு ஒரு ஹத்தாத் வந்தான், அவ்வளவுதான். லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனத்தில் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், அல்ஜீரியாவில் முஸ்லிம்கள், துனீசியாவில் முஸ்லிம்களோடு யூதக் குடும்பங்களும் உண்டு. மதம் மூன்றுக்கும் கதவு செய்ய, கீல் அடிக்க ஆள் வேண்டுமே.

அல்ஜீரியாவில் கபீலிய மலைவாசிகள் அஹத்தாத் என்பார்கள். அங்கே ஷேக் அஹத்தாத் என்று ஒரு சூஃபிப் பெரியவர், கொல்லர் குடும்பம். 1871 ஏப்ரல் 8ஆம் தேதி, எண்பது வயதில், செத்தூக் ஊர்ச் சந்தையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகப் போர் அறிவித்தார். கைத்தடியைத் தூக்கி எறிந்து, இதுபோல அவர்களைக் கடலில் எறிவோம் என்றாராம். கிளர்ச்சி தோற்றது. பிள்ளைகளை உலகத்தின் மறுகோடியிலுள்ள நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள். கிழவர் 1873இல் கான்ஸ்டன்டைன் சிறையில் இறந்தார். ஒன்பது வருஷம் கழித்து, 1882இல், அதே பிரெஞ்சு அரசு அல்ஜீரியர் ஒவ்வொருவருக்கும் நிலையான குடும்பப் பெயர் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. அதுவரை இன்னாரின் மகன் இன்னார் என்று, நம்மைப் போல, சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. என் மகளின் விண்ணப்பக் கட்டத்துக்கு மூதாதை யார் என்று பார்த்தாயா?

துனீசியாவில் தாஹிர் ஹத்தாத் (1899–1935) என்று ஒருவர். பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1930இல் புத்தகம் எழுதி, மதவாதிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 36 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். 1956இல் வந்த குடும்பச் சட்டத்தில் அவர் கேட்டதில் பலதும் இருந்தது. இவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இந்தக் கடிதம் தாங்காது.

கடல் தாண்டினால் பெயர் என்ன பாடுபடுகிறது என்பதற்கு பிரேசில். ஃபெர்னான்டோ ஹத்தாத் சாவோ பாவ்லோவின் மேயராக இருந்தவர், 2018இல் அதிபர் தேர்தலில் இரண்டாம் சுற்றுவரை போய்த் தோற்றவர், 2023இல் நிதியமைச்சரானார். அப்பா லெபனானிலிருந்து போன துணி வியாபாரி. போர்த்துகீசியத்தில் ஹ வாய் திறக்காது. கடைசி ‘த்’ அவர்கள் நாக்கில் ‘ஜி’ ஆகிவிடும். ஆக அங்கே அவர் ‘அதாஜி’. கண்ணாடியில் ஆவி படிந்த அந்த எழுத்து போயே போய்விட்டது. அபு ஜோர்ஜ் இதைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அமெரிக்காவுக்குப் போன சில ஹத்தாதுகள் ஸ்மித் என்றே மாற்றிக்கொண்டார்களாம். அதுவும் கொல்லன்தான். அவருக்கு அதுகூடப் பரவாயில்லை, அர்த்தமாவது மிஞ்சியது என்கிறார்.

விண்ணப்பத்தில் கடைசியில் மகள் பெயருக்குப் பின்னால் கண்ணன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹத்தாத் என்று போடு, நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று அபு ஜோர்ஜ் தமாஷ் பண்ணினார். வீட்டில் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

ஒரு உதவி. உன் வாப்பா ஓதுவாரே, அட்டை பிய்ந்த அந்த ராத்திபுப் புத்தகம் இன்னும் வீட்டில் இருந்தால் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. அரபு எழுத்தில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கணக்கர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். உம்மாவுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே.

அன்புடன்,
கண்ணன்