அம்மிணிக்குத் திருப்பூரிலிருந்து

அன்புள்ள அம்மிணி,

கோபியில் மழை உண்டா? அத்தையின் முழங்கால் தேவலையா? மஞ்சளை விற்றாயிற்றா, இன்னும் விலை ஏறட்டும் என்று மாமா மூட்டையைக் காத்துக்கொண்டிருக்கிறாரா? இங்கே எல்லோரும் சுகம். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பனியன் கம்பெனியில் பயிற்சிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இணையவழிப் பயிற்சி ஒன்றை முதலாளி காசு கொடுத்து வாங்கினார். டைலர்கள் பாடத்தைப் பார்த்துவிட்டு நாலு கேள்விக்கு விரலால் அழுத்தினால் சான்றிதழ் வந்துவிடும். எல்லோருக்கும் வந்தது. ஆர்டர் கொடுத்த பையரின் ஆட்கள் பார்க்கட்டும் என்று அச்சடித்துச் சுவரிலும் ஒட்டினோம். அந்த ஆர்டரிலேயே, சலவைக்குப் போய்வந்த டி-ஷர்ட்டுகளில் தையல் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை! சிரிக்காதே. கொரோனாக் காலத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்டா இணையப் பயிற்சி வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுக்களையில் மாவு ஆட்டிய ஆசிரியை யார் என்று எனக்குத் தெரியும்.

குற்றம் ஊசியுடையது. பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி போட வேண்டும். அது நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். முனை பிசிறிப்போயிருந்தாலோ, மெல்லிய துணிக்குத் தடித்த ஊசியைப் போட்டாலோ, கண்ணி அறுந்துவிடும். தைக்கும்போது தெரியாது, துவைத்து இழுத்தால்தான் வாயைத் திறக்கும். வாங்கிய பாடத்திலும் இதெல்லாம் இருந்தது, நீண்ட பேச்சின் நட்டநடுவில், இந்தியில். எங்கள் ஒடிசாப் பிள்ளைகள் பாதிப் பேருக்கே அது பிடிபடவில்லை. சேவூர், அவிநாசியிலிருந்து வரும் நம் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம்தான் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் பெரியக்காவைப் பிடித்தேன். அவர் ஊசி முனையை நகத்தின்மேல் மெல்ல இழுப்பார். கீறல் விழுந்தால் ஊசியை மாற்று, அவ்வளவுதான் அவருடைய பாடம். அதை அப்படியே கைப்பேசியில் படம் எடுத்தேன், ஒரு நிமிடம்கூட ஓடாது. ஒரு டைலர் பையன் ஒடியாவில் பேசிக்கொடுத்தான். தையல் மெஷின்கள் இருக்கும் லைனுக்குள் கைப்பேசி கூடாது என்பது கம்பெனி விதி. மேலாளரோடு மல்லுக்கட்டி லைனுக்கு ஒரு டேப்லெட் மாட்டவைத்தேன். ஊசி மாற்ற எழுந்து வருகிறவள் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, போய் உடனே செய்துபார்க்கிறாள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் புத்தகமாகவே போட்டிருக்கிறார். படித்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடுமாம்; இடைவெளி விட்டு மறுபடி மறுபடி பார்த்தால் தங்குமாம். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சான்றிதழ் நீட்டும் பயிற்சிகளை விற்பவர்கள் அவரைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஓட்டை குறைந்திருக்கிறது. முதலாளிக்கு ஒரே உற்சாகம். பிளாட்லாக் தையல், காலர், பட்டி என்று எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்கிறார். எனக்கும் இருந்தது அந்த உற்சாகம், பெரியக்கா வாயைத் திறக்கும்வரை.

"என் கைவேலை மொத்தமும் இந்தப் பெட்டிக்குள் போய்விட்டால், அப்புறம் நான் எதற்குக் கண்ணு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பீஸ் ரேட்டில் இருப்பவர், தைத்த உருப்படிக்குத்தான் கூலி. படப்பிடிப்புக்கு நிற்கும் நேரமெல்லாம் அவர் கூலியில்தான் குறைகிறது. அவர் விரலை வைத்து நாளைக்குப் புதுப் பிள்ளைகள் பத்துப் பேர் தேறுவார்கள். அதற்கு அவருக்கு என்ன கிடைக்கும்? முதலாளியிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். திருப்பூர்ப் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். படப்பிடிப்பு நேரத்துக்கு ஷிப்ட் சம்பளமும், வீடியோவில் அவர் பெயரும் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதுவரை காலர் வீடியோ கிடையாது.

உனக்கு ஒரு வேலை. கல்வித் தொலைக்காட்சிக்குப் பாடம் எடுத்துக்கொடுத்த ஆசிரியர்களுக்குத் தனியாக ஏதாவது கொடுத்தார்களா? விசாரித்து உடனே எழுது. முன்னுதாரணம் ஒன்று கையில் இருந்தால் முதலாளியிடம் பேச வசதியாக இருக்கும்.

உன்,
நெட்டை