மூன்றாவது முடிச்சு

பாளையங்கோட்டை
கார்த்திகை 10

அன்புள்ள பேச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிசான நடவு முடிந்துவிட்டதா? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, ஆற்றில் கலங்கல் தண்ணீர் போகிறது.

கிராமத்து மனநல ஆலோசகர்களுக்கு வகுப்பு எடுக்கப் போவதாகவும், ‘வீட்டுக்குள் முரணாகப் பேசுவது’ பற்றி என்ன சொல்லலாம் என்றும் கேட்டிருந்தாய். முரணாகப் பேசாத வீடே கிடையாது. காலையில் ‘போ’ என்றவர் மாலையில் ‘ஏன் போனே’ என்பார், சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். ஆளை முடக்குவது வேறொன்று. வகுப்பில் அதற்குத்தான் நீ நேரம் கொடுக்க வேண்டும்.

1956-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவிலிருந்து கிரகரி பேட்சன், டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் நால்வரும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய் பற்றி எழுதிய கட்டுரையில் வந்ததுதான் ‘இரட்டைக் கட்டு’ (double bind). பெயர் இரட்டை என்றாலும் முடிச்சு மூன்று. முதலாவது ஒரு கட்டளை, மீறினால் தண்டனை. இரண்டாவது அதற்கு எதிரான கட்டளை, பெரும்பாலும் முகத்தாலும் குரலாலும் உடம்பாலும் வருவது. மூன்றாவது, அந்த இடத்தை விட்டு விலகவும் முடியாது, ‘இப்படி இரண்டு விதமாகச் சொல்கிறீர்களே’ என்று கேட்கவும் கூடாது. இது ஒருநாள் நடந்தால் போதாது, திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். உன் வகுப்பில் இருப்பவர்கள் ‘இருதலைக்கொள்ளி எறும்புதானே’ என்பார்கள். அந்த எறும்புக்கு இரண்டு பக்கமும் தீ எரிவது தெரியும். இங்கே தீயே இல்லை என்று சாதிக்கிறார்கள், வித்தியாசம் அதுதான்.

அந்தக் கட்டுரையிலேயே ஒரு காட்சி வரும். மனநோய் ஓரளவு தேறிய இளைஞனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு அம்மா வருகிறாள். சந்தோஷத்தில் அவள் தோளில் கை போடுகிறான். அவள் உடம்பு விறைக்கிறது. கையை எடுத்துக்கொள்கிறான். ‘என் மேல் பாசம் இல்லையா?’ என்கிறாள். அவன் முகம் சிவக்கிறது. ‘இப்படிச் சட்டென்று கூச்சப்படக் கூடாது, உன் மனசில் உள்ளதற்கு நீயே பயப்படக் கூடாது’ என்கிறாள். அதற்கப்புறம் சில நிமிடங்கள்தான் அவனால் அவளோடு இருக்க முடிந்தது. அவள் போனபின் ஒரு ஊழியரை அடித்துவிட்டான்.

நம் ஊருக்கு இதை இப்படிக் காட்டலாம். புது மருமகள் சொதி வைக்கிறாள். ‘நீ எப்படி வச்சாலும் எனக்குச் சரிதான் தாயி’ என்று சொல்லியிருந்த மாமியார் இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளி வைக்கிறார். ‘வருத்தமா இருக்கியளா அத்தை?’ ‘ஒண்ணும் இல்ல. நீயா எதையாவது நெனச்சுக்கிடாத.’ தட்டைத் தள்ளியதைக் கண்ணால் பார்த்தாள், ஆனால் பார்த்ததைச் சொன்னால் குற்றம் அவளுடையது. இருபது தரம் இப்படி நடந்தால் தன் கண்ணையே நம்பாமல் போய்விடுவாள்.

இதன் மறுபக்கத்தையும் விடாமல் சொல்லு. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று எழுதியதும், பிறகு இந்தக் கட்டுரையும் சேர்ந்து, எத்தனையோ தாய்மார் தலையில் பழியைப் போட்டன. அது பெரிய அநியாயம். இரட்டைக் கட்டுதான் மனச்சிதைவுக்குக் காரணம் என்பது ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. நின்றது வேறு: 1972-இல் லண்டனில் ஜார்ஜ் பிரௌன், பர்லி, விங் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும், குறை சொல்லுதல், வெறுப்பு, மிதமிஞ்சிய தலையீடு அதிகமுள்ள வீடுகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் வருவது கூடுதல் என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வீட்டுப் பேச்சுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகவில்லை, ஆகையால் மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்த ஆலோசகரும் வாய் திறக்கக் கூடாது.

சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினரையும் தங்கவைத்ததைச் சொல்லு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் குடும்பத்தார் கூடவே தங்கும் வழக்கம் அப்போதே தொடங்கியது.

இனி வேலைக்கு வருவோம். குடும்பத்தாரோடு ஒரு அமர்வு 75 நிமிடம் போதும். நாற்காலிகளை வட்டமாகப் போடு, யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை மட்டும் கவனி, இடம் மாற்றாதே. முதல் பத்து நிமிடம் ஊர், வேலை, சாப்பாடு என்று போகட்டும், எல்லார் குரலும் ஒருதரமாவது கேட்க வேண்டும். பிறகு இத்தாலியின் மிலான் நகரக் குடும்ப சிகிச்சைக் குழுவினர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சுற்றுக் கேள்வி: ‘அம்மா ஒண்ணும் இல்லன்னு சொல்லும்போது அண்ணன் என்ன செய்வான்? அப்போ அப்பா எங்கே இருப்பார்?’ இருவருக்கு நடுவில் நடப்பதை மூன்றாமவரிடம் கேட்பதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. பார்த்ததைச் சொல்லவும் வாய் திறக்கிறது.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: புதிதாய்ப் படித்தவர் மாமியாரைப் பார்த்து, ‘நீங்க சொல்லுறது ஒண்ணு, செய்யுறது ஒண்ணு’ என்று போட்டு உடைப்பார். அந்த அம்மா அழுவார். அன்று ராத்திரி வீட்டில் அதற்கு மருமகள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது முடிச்சை ஆலோசகரே இறுக்கிவிட்டார். அதைவிட, ‘தட்டைத் தள்ளும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு?’ என்று மெதுவாகக் கேள். ‘எனக்கு உப்பு கம்மி, ஆனா புதுசா வந்த புள்ளகிட்ட எப்படிச் சொல்ல?’ என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. அவரும் கட்டுண்டுதான் இருந்திருக்கிறார்.

இன்னொன்று, ‘நீங்களே சுயமா முடிவெடுங்க’ என்று அதட்டிச் சொல்லக் கூடாது. நான் சொல்லாமல் நீங்களாக மல்லிகைப்பூ வாங்கி வர வேண்டும் என்று புருஷனிடம் சொல்வது போல அது. வாங்கி வந்தாலும் சொன்னதைச் செய்ததாகத்தான் ஆகும். இரண்டு வழியைச் சொல்லி, எதையும் எடுக்காமல் ஒரு வாரம் பார்க்கலாம் என்பதை மூன்றாவதாக வை.

வகுப்புத் தேதியைச் சொல்லு. சொதிக் காட்சியை இரண்டு பேரை நடிக்க வைத்துத்தான் தொடங்க வேண்டும், விளக்கம் அப்புறம். மாமியாராக நடிக்க வயசில் சின்னப் பெண்ணைப் போடு.

அன்புடன்,
சண்முகம்