மலைநடையும் மீட்புப் பணிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் கோடைக்காலத்தில் வழிகாட்டியோடும் செயின்ட் பெர்னார்ட் நாய்களோடும் நடத்தப்படும் மலைநடை பற்றித் தங்கள் இதழில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். அந்த நடையைச் சுற்றுலா வேடிக்கை என்று ஒதுக்கிவிட்டு, கழுத்தில் பிராந்திப் பீப்பாயுடன் பனியில் தனியே அலைந்த நாயே அசல் மீட்பு நாய் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது வரலாற்றைத் தலைகீழாக்குகிறது.

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்துக்கும் இத்தாலியின் ஆவோஸ்தாப் பள்ளத்தாக்குக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாயில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த மடம், வழிப்போக்கருக்கு உணவும் தங்குமிடமும் அளித்துவந்தது. அங்கே 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த நாய்கள், பின்னர் பயணிகளை எதிர்கொண்டு அழைத்துவரச் சென்ற மடத்து வழிகாட்டிகளுடன் போகத் தொடங்கின. அகன்ற மார்பால் புதுப்பனியைப் பிளந்து தடம் போடுவதும், மூடுபனியிலும் மடத்துக்கு வழி தவறாமல் திரும்புவதும், பனிச்சரிவில் புதைந்தவரை மோப்பத்தால் கண்டறிவதுமே அவற்றின் வேலை. நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்லப்படும் பாரி (1800–1814) என்ற நாய் புகழ்பெற்றதும் அந்தப் பணியால்தான். பீப்பாயோ, எட்வின் லாண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820இல் தீட்டிய படத்தால் பரவிய கற்பனை. ஆகவே வழிகாட்டி முன்னே செல்ல, நாயும் மனிதரும் சேர்ந்து நடக்கும் இன்றைய நடைதான் அந்தப் பழைய பணிக்கு நெருக்கமானது.

1964இல் மலையைக் குடைந்து சுரங்கச் சாலை திறக்கப்பட்டதும், மீட்புக்கு ஹெலிகாப்டர்கள் வந்ததும் இந்த நாய்களின் வேலையைப் பறித்துவிட்டன. 2005இல் துறவியரிடமிருந்து வளர்ப்புப் பொறுப்பை ஏற்ற பாரி அறக்கட்டளை, குளிர்காலத்தில் அடிவாரத்து மார்ட்டினியிலும் கோடையில் கணவாயிலும் அவற்றைப் பராமரிக்கிறது. அறுபது கிலோவைத் தாண்டும் உடலுக்குச் சரிவில் நடப்பதே தகுந்த பயிற்சி. கண்காட்சிப் பரிசுக்காகக் கொழுக்க வளர்க்கப்படும் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்.

இந்த இனக் குட்டியைச் சென்னையிலும் வாங்கி வளர்க்கலாம் என்ற கட்டுரையாளரின் யோசனையையும் ஏற்பதற்கில்லை. அடர்ந்த இரட்டை ரோமமும் பெருத்த உடலும் கொண்ட நாய்க்கு நம் சித்திரை வெயில் உயிராபத்தாகவே முடியக்கூடும். பீப்பாய்ச் செய்தியோடு இதையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.