புதைக்க நல்ல நாள்

ரெடிங், இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் குளிரைத் தவிர வேறு காரணம் இல்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. இன்னும் ஒரு மாதத்துக்குத் தலைக்குக் குளிக்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்காதே. தங்கச்சி சொல்வதைக் கேள்.

இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பினால், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வீட்டில் நானும் ஹீட்டரும்தான். அப்படி ஒரு நாள் மாப்பிள்ளையின் அலமாரியைக் குடைந்தபோது ஒரு டிவிடி பெட்டி கிடைத்தது. ‘தி திக் ஆஃப் இட்’ என்று ஒரு பிபிசி தொடர். “மாமா, அதுல கெட்ட வார்த்தை ரொம்ப வரும், பாப்பா இருக்கும்போது மட்டும் போடாதீங்க” என்றார். மற்ற நேரத்தில் போடலாம் என்று அனுமதி கிடைத்த மாதிரிதானே! பத்து நாளில் மொத்தத்தையும் பார்த்து முடித்தேன்.

2005இல் தொடங்கி 2012 வரை, விட்டு விட்டு வந்த நையாண்டித் தொடர். நான்கு சீசன், நடுவில் இரண்டு சிறப்பு எபிசோட். எடுத்தவர் அர்மாண்டோ இயானூச்சி. கிளாஸ்கோவில் பிறந்தவர், அப்பா இத்தாலிக்காரர். ஒரு அமைச்சகத்துக்குள் நடக்கும் கதை. முதலில் சமூக விவகாரத் துறை, அப்புறம் குடியுரிமையையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். எதற்காக அப்படி ஒரு துறை என்று அமைச்சர் உட்பட யாருக்கும் தெரியாது. அந்த அமைச்சர்களை மேய்ப்பதற்கென்று பிரதமர் அலுவலகத்திலிருந்து ஒருவன் வருவான், மால்கம் டக்கர் என்று பெயர். பீட்டர் கபால்டி நடித்திருக்கிறார். ஒல்லியான ஆள், நெற்றி நரம்பு புடைத்தபடியே இருக்கும். செய்தியைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவதுதான் அவன் உத்தியோகம். இங்கே அதற்கு ஸ்பின் என்று பெயர், செய்கிறவர் ஸ்பின் டாக்டர். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் பி.ஆர்.ஓ.வாக இருந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நீ சிரிப்பது கேட்கிறது. நம் ஊரில் இதற்குப் பூசி மெழுகுதல் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் எபிசோடின் ஆரம்பத்தையே சொல்கிறேன். கிளிஃப் லாட்டன் என்று ஒரு அமைச்சர். மால்கம் வந்து உட்கார்ந்து இனிமையாகப் பேசுகிறான். பேசப் பேசத்தான் அந்த மனிதருக்குப் புரிகிறது, தன் பதவி போய்விட்டது என்று. ராஜினாமாக் கடிதம்கூடத் தயாராக இருக்கிறது. தள்ளிவிடுவதற்கு முன்னால் நீங்களாகவே குதித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறான் மால்கம். ஆனால் நாங்கள் தள்ளிவிட்டதாகத்தான் பத்திரிகைகளிடம் சொல்லப்போகிறோம், மன்னிக்கவும் என்று அதோடு சேர்த்துக்கொள்கிறான்.

அவர் இடத்துக்கு ஹியூ அபட் என்றொருவர் வருகிறார். மானிய மோசடியைப் பிடிக்க ஒரு படை அமைக்கப்போவதாக அறிவிக்கப் புறப்படுகிறார். போகிற வழியில் காருக்குள் போன் வருகிறது: அறிவிக்காதே. நிருபர்கள் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள். காசு செலவாகாத, எல்லோருக்கும் பிடித்த, இதுவரை யாரும் சொல்லாத ஒரு திட்டத்தை அந்தக் காருக்குள்ளேயே கண்டுபிடித்தாக வேண்டும். நாட்டில் யார் வீட்டில் காலி அறை இருக்கிறது என்று கணக்கெடுக்கலாமா என்கிற அளவுக்கு யோசனை போகிறது. கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒரு பேச்சைப் பேசிவிட்டு வருகிறார். திரும்பி வந்தால், பிரதமருக்கு அந்தப் பழைய திட்டம் பிடித்துவிட்டதாம். அதனால் நீ காலையில் அறிவித்துவிட்டாய் என்கிறான் மால்கம். அறிவிக்கவில்லையே என்றால், அறிவித்தாய் என்கிறான். அப்புறம் நிருபர்களையும் ஒப்புக்கொள்ள வைக்கும் வேலை ஆரம்பமாகிறது.

இதைப் பார்த்து நான் சிரித்தேன். நீ பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பாய், ஏனென்றால் பத்திரிகைக்காரனான நீ அந்த நிருபர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி எடுத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததை அப்படியே ஒருமுறை நடித்துவிட்டு, பிறகு நடிகர்களைத் தங்கள் போக்கில் பேசவிடுவார்களாம். அதனால் ஒட்டுக்கேட்கிற மாதிரியே இருக்கிறது. எந்தக் கட்சி என்று ஒரு இடத்திலும் சொல்வதில்லை. பிரதமர் முகத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை. எல்லாம் அவர் பெயரைச் சொல்லி நடக்கிறது, அவ்வளவுதான். சாமி வெளியே வராத கோயிலில் பூசாரிக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும், யோசித்துப் பார்.

வசவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லங்காஸ்டரில் இருந்த இயன் மார்ட்டின் என்ற எழுத்தாளருக்கு ஸ்கிரிப்டை அனுப்புவார்களாம், வசவுகளை மெருகேற்றித் தர. வசவு ஆலோசகர் என்றே பட்டம்! எனக்குப் பாதி புரியவில்லை, மாப்பிள்ளையிடம் கேட்கவும் கூச்சம். ஆனால் அதன் தாளம் புரிந்தது. நம் ஊர்த் தெருக்குழாயடியில் தண்ணீர் வராத நாளில் கேட்குமே, உவமைக்கு மேல் உவமையாக அடுக்கி, எதிராளி வாயைத் திறக்கவே இடம் கொடுக்காமல், அந்த ஜாதிதான். சும்மா கெட்ட வார்த்தையாக இருந்திருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே அலுத்திருக்கும்.

பெரியவன் காலேஜ் படிக்கும்போது நாம் சேர்ந்து பார்த்தோமே, ‘யெஸ் மினிஸ்டர்’, நினைவிருக்கிறதா? அதில் அதிகாரம் சர் ஹம்ஃப்ரி கையில், நிரந்தர அதிகாரி கையில் இருந்தது. கோப்பு நகர்ந்தால்தான் ஆட்சி. இதில் அதிகாரிகள் மூலையில் உட்கார்ந்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கடிகாரம் பார்க்கிறார்கள். கோப்பைவிட நாளைக் காலைத் தலைப்புச் செய்திதான் முக்கியம். எண்பதுகளுக்கும் 2005க்கும் நடுவே பிரிட்டனில் நாற்காலி அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. பிரதமராக இருந்த டோனி பிளேரின் செய்தித் தொடர்பு இயக்குநர் அலஸ்டர் கேம்ப்பெல்தான் மால்கத்துக்கு மூலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேம்ப்பெல்லுக்குத் தொடர்மேல் பிரியம் இல்லை. 2012இல் இயானூச்சிக்கு அரசு ஓ.பி.இ. விருது கொடுத்தபோது, அமைப்பைக் கிண்டல் செய்தவர் அதன் கையாலேயே விருது வாங்குகிறாரே என்று ட்விட்டரில் சீண்டினார். மூன்று எழுத்துக்கு எவ்வளவு பலம் பார்த்தாயா என்றார். இயானூச்சி பதிலுக்கு மூன்றே எழுத்து போட்டார்: டபிள்யூ.எம்.டி. இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது, 45 நிமிடத்தில் ஏவ முடியும் என்று 2002 செப்டம்பரில் பிளேர் அரசு ஓர் ஆவணம் வெளியிட்டதே, அந்த ஆயுதம். தேடித் தேடியும் கிடைக்காத ஆயுதம்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

இந்தத் தொடருக்கு உள்விவரம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மார்ட்டின் சிக்ஸ்ஸ்மித். பிபிசியில் நிருபராக இருந்துவிட்டு, 2001 கடைசியில் போக்குவரத்துத் துறையில் செய்தித் தொடர்பு இயக்குநராகச் சேர்ந்தவர். அவர் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் அங்கே ஒரு ஈமெயில் விவகாரம் வெடித்திருந்தது. அமைச்சர் ஸ்டீபன் பயர்ஸின் ஆலோசகர் ஜோ மூர் என்ற பெண்மணி. 2001 செப்டம்பர் 11, லண்டன் நேரம் மதியம் 2.55. நியூயார்க்கில் இரண்டு கோபுரங்களும் எரிந்துகொண்டிருக்கின்றன, இன்னும் விழவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் சக ஊழியர்களுக்கு ஈமெயில் அனுப்புகிறார்: நாம் புதைக்க நினைக்கிற எதையும் வெளியிட இது ரொம்ப நல்ல நாள், கவுன்சிலர்கள் செலவுப்படி விஷயத்தை விட்டுவிடலாமா?

அடுத்த மாதமே, அக்டோபரில் அது கசிந்து, நாடே காறித் துப்பியது. ஆனாலும் அவர் வேலையில் நீடித்தார். 2002 பிப்ரவரியில் இளவரசி மார்கரெட்டின் இறுதிச்சடங்கு. அன்றைக்கும் எதையோ வெளியிட முயல்கிறார்கள் என்று மறுபடி பேச்சு கிளம்பியது. அன்று இளவரசியைத் தவிர வேறு எதையும் புதைக்க விடமாட்டேன் என்ற பொருளில் சிக்ஸ்ஸ்மித் எழுதியதாகச் செய்தி வந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மூர், சிக்ஸ்ஸ்மித் இரண்டு பேரும் ராஜினாமா செய்துவிட்டதாக அறிவித்தார் அமைச்சர். நான் ராஜினாமாவே செய்யவில்லையே என்றார் சிக்ஸ்ஸ்மித்! கிளிஃப் லாட்டன் காட்சி நினைவுக்கு வருகிறதா? மூன்று மாதம் கழித்து அமைச்சரும் போனார்.

இந்த ஈமெயில் கதையை மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது மகள், “எப்படிப்பா ஒரு மனுஷிக்கு அந்த நேரத்துல அப்படித் தோணும்?” என்று கேட்டாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

முருகேசா, 1993 தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு உன் பத்திரிகை ஆபீஸுக்கு என் ஆபீஸ் பையன் ஒருவன் கவரில் ஒரு பிரஸ் நோட் கொண்டுவந்தான். மில் பஞ்சு குடோனில் சிறிய அளவில் புகை, உடனே அணைக்கப்பட்டது, உற்பத்திக்குப் பாதிப்பு இல்லை. தீ பிடித்தது அதற்கு இரண்டு நாள் முன்னால். நம் ஆட்களே அணைத்தார்கள், அதில் இரண்டு பேருக்குக் கை வெந்துபோனது. நோட்டில் அவர்கள் இல்லை. மறுநாள் கொடுக்கலாமா என்று மேலே கேட்டார்கள். வேண்டாம், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கொடுப்போம், டெஸ்க்கில் பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்கள், மீதிப் பேர் புதுப்படம், துணிக்கடை விளம்பரங்களுக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னது யாரும் இல்லை, நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். நல்ல யோசனை என்று முதுகில் தட்டினார்கள். போனஸ் கவரில் அந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்று டெஸ்க்கில் நீ இருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். நீ போன் செய்து, “வேற எதாவது இருக்கா?” என்று கேட்டாய். “இல்லப்பா, ஹேப்பி தீபாவளி” என்றேன். பொங்கலுக்குள் உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வரவில்லை. அப்புறம் சித்திரையில் எதுவும் நடக்காத மாதிரி வந்தாய். அதைப் பற்றி இதுவரை நாம் பேசவே இல்லை.

மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த நேரத்தில் தனியாக எதுவும் தோன்றாது. பயம் மட்டும்தான் இருக்கும். மேலே இருப்பவர் காலையில் பேப்பரை எடுத்ததும் என்ன சொல்வார் என்ற பயம். தினம் தினம் அப்படி யோசித்து யோசித்து, கோபுரம் எரிந்தாலும் தீபாவளி வந்தாலும் கை தானாக அந்தப் பக்கம் போய்விடும். இந்தத் தொடர் எனக்கு இவ்வளவு பிடித்ததற்கும் அதுதான் காரணம். பி.ஆர். நிறுவனத்தைப் பற்றி ‘ஆப்சலூட் பவர்’ என்று இன்னொரு பிபிசி தொடர் இருக்கிறது, முதலில் ரேடியோவில், 2003இலிருந்து டிவியில். ஸ்டீபன் ஃப்ரையும் ஜான் பேர்டும் முதலாளிகள். என் தொழிலுக்கு நெருக்கமானது அதுதான் என்று மாப்பிள்ளை தேடிப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, பொய்யை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். நான் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சலுக்கு மாத்திரைதான் மிச்சம். மால்கத்தின் அலுவலகத்தில் இருப்பவர்கள் முகத்தில் அந்த மாத்திரை தெரிகிறது. யாருக்கும் ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட நேரம் இல்லை.

நிகோலா மரி என்று ஒரு பெண் அமைச்சர் மூன்றாவது சீசனில் வருகிறார். லிஃப்டில் ஏறப் பயம். அவர் காலத்தில் துறையின் கம்ப்யூட்டரிலிருந்து குடியேற்ற விவரங்கள் காணாமல் போகின்றன. நிஜத்திலேயே 2007இல் இங்கே வரித்துறை இரண்டு சிடியைத் தொலைத்து, இரண்டரைக் கோடிப் பேரின் விவரம் போய்விட்டது, தெரியுமா? அந்த அம்மாவைத் திட்டும்போது மால்கம் ஒரு சொல்லை உருவாக்குகிறான், ஆம்னிஷாம்பிள்ஸ். சர்வ குளறுபடி என்று வைத்துக்கொள். 2012இல் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் பட்ஜெட்டைத் திட்ட நாடாளுமன்றத்தில் அதே சொல்லை எடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த வருஷத்தின் சொல் என்று அறிவித்துவிட்டார்கள். கிண்டலடிக்கப்பட்டவர்களே கிண்டலைக் கடன் வாங்கிக்கொண்டால் எழுதுகிறவன் என்னதான் செய்வான்?

போன சனிக்கிழமை வெயில் அடித்தது. மகளோடு ரயிலில் லண்டன் போய், டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து வைட்ஹால் தெருவில் மெதுவாக நடந்தேன். டவுனிங் தெரு வாசலில் பெரிய கறுப்பு இரும்புக் கேட், 1989இல் போட்டதாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பத்தாம் நம்பர் கதவு சரியாகத் தெரியக்கூட இல்லை.

கடைசி எபிசோடில் மால்கம் மாட்டிக்கொள்கிறான். விசாரணைக் கமிஷன், பொய்ச்சாட்சி, கைது. வெளியே கேமராக்கள் காத்திருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதிக்கொடுத்தவன், தனக்காக ஒன்று சொல்ல வாயைத் திறக்கிறான். அப்புறம், பரவாயில்லை, அது முக்கியமில்லை என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அதோடு நிறுத்தி, அந்த இடத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

மார்ச் முதல் வாரம் கோவை வந்துவிடுவேன். டிவிடி பெட்டியை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். உன் பேரன் வீட்டில் அதைப் போட மிஷின் இருக்கிறதா என்று கேட்டு வை. இன்னொன்று. மாடியறையில் நீ கட்டிங் போட்டு வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் 93ஆம் வருஷத்துக் கட்டு இருக்கும். கண் சரியான பிறகு எடுத்துப் பார். அந்தச் செய்தி எத்தனை வரி வந்தது என்று எழுது. எனக்கு மூன்று என்று ஞாபகம்.

தங்கச்சிக்கு என் வணக்கம்.

உன்,
கோபால்