சனிக்கிழமை மண்டையோட்டு வகுப்பு

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். மனிதன், சிம்பன்சி, ஆண் கொரில்லா, நாட்டுக் குரங்கு என நான்கு மண்டையோட்டு வார்ப்புகளும் தயார். பெயர்ச் சீட்டுகளைக் கிழித்துவிட்டேன், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

முதலில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டுவடம் நுழையும் பெருந்துளை மனிதனுக்கு அடிப்பகுதியின் நடுவிலும் சிம்பன்சிக்குச் சற்றுப் பின்னாலும் இருக்கும். நிமிர்ந்து நடப்பவர் யார் என்பதை அந்த ஓட்டையே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

அப்புறம் அதே துளை வழியாகக் கடுகு நிரப்பி, அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். சிம்பன்சிக்கு ஏறக்குறைய 400 மி.லி., நமக்குச் சுமார் 1,350. கண்குழியின் சிறு துளைகளைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள். போன முறை கடுகு பொறுக்கியே பாதி வகுப்பு போனது.

பல் எண்ணினால் நான்குக்கும் 32தான். வீட்டிலிருந்து கைக்கண்ணாடி கொண்டுவரச் சொல்லுங்கள், தங்கள் பல்லையும் எண்ணட்டும்.