கூட்டிக்கொண்டே போனால் காந்தம் பெருகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மூலக்கூறும் தனியே ஒரு காந்தமாக நடந்துகொள்ளும் 'ஒற்றை மூலக்கூறுக் காந்தங்கள்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "மூலக்கூறுக்குள் லாந்தனைடு அயனிகளைக் கூட்டக் கூட்ட, அவை ஒன்றையொன்று இழுத்து ஒரே திசையில் நிற்பதால் காந்தத்தின் வலிமையும் கூடுகிறது." தங்கள் மேசையைத் தாண்டித்தானே இது அச்சுக்குப் போயிருக்கும்?

லாந்தனைடுகள் (கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அரிமண் உலோகங்கள்) காந்தமாவதற்குக் காரணமான 4எஃப் எலக்ட்ரான்கள் 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ளே ஒடுங்கிக் கிடப்பவை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்து அயனி வரைக்கும் அவற்றின் கை எட்டாது. ஆக்சிஜன் பாலம் போட்டு இரண்டு கடோலினியம் அயனிகளை இணைத்தாலும் அவற்றின் காந்தங்களை ஒன்றோடொன்று கட்டும் பரிமாற்ற இடைவினை பெரும்பாலும் 1 செ.மீ.⁻¹ (இது ஆற்றலை அளக்கும் ஓர் அலகு) அளவைக்கூடத் தொடாது. இதில் எங்கிருந்து வந்தது இந்த 'இழுப்பு'?

எண்ணிக்கைதான் எல்லாம் என்றால், 2003-இல் இஷிகாவா குழுவினர் தாலோசயனின் என்னும் தட்டையான கரிம மூலக்கூறுகள் இரண்டுக்கு நடுவே ஒரே ஒரு டெர்பியம் அயனியை வைத்துக் காட்டியது என்ன? 2017-இல் 60 கெல்வினிலும், மறு ஆண்டு 80 கெல்வினிலும் காந்த நினைவைத் தக்கவைத்த சேர்மங்களில் இருந்ததும் மூலக்கூறுக்கு ஒரே ஒரு டிஸ்ப்ரோசியம்தான். அங்கே வேலை செய்தது அக்கம்பக்கம் இல்லை. மேலும் கீழும் இருந்த ஈனிகள் (அயனியோடு பிணைந்த அணுக்கூட்டங்கள்) அயனியின் காந்த அச்சை ஒரே கோட்டில் இறுக்கிப் பிடித்தன. மாறாக, 2006-இல் வெளிவந்த முக்கோண மூலக்கூறில் மூன்று டிஸ்ப்ரோசியம் அயனிகள் உண்டு. அவற்றின் காந்தத் திருப்புத்திறன்கள் (ஒவ்வோர் அயனியின் காந்தத்துக்கும் உள்ள வலிமையும் திசையும்) முக்கோணத்தைச் சுற்றிச் சுழன்று ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிட்டன. தங்கள் கட்டுரையாளரின் கணக்கில் அது மூன்று மடங்கு காந்தமாக இருந்திருக்க வேண்டும்!

நான் ஏட்டில் படித்ததை ஒப்பிக்கவில்லை. ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒற்றை டிஸ்ப்ரோசியம் சேர்மம் ஒன்றைத் திரவ ஹீலியக் குளிரில் வைத்து அளந்தேன். வெளிக் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தத்தன்மை வரையும் வளையத்தைத் தயக்கக் கண்ணி என்போம்; அது அகன்றிருந்தால் காந்த நினைவு நிற்கிறது என்று பொருள். எங்கள் கண்ணி பூஜ்யப் புலத்தில் இடுப்பொடிந்து கிடந்தது. அப்புறம் அதே சேர்மத்தில் பெரும்பகுதி டிஸ்ப்ரோசியத்துக்குப் பதில் யிட்ரியத்தைக் கலந்து படிகமாக்கினோம். யிட்ரியம் ஏறக்குறைய அதே பருமன், காந்தம் கிடையாது. கண்ணி விரிந்தது. அதுவரை அண்டை மூலக்கூறுகளின் காந்தப் புலங்கள் குறுக்கே புகுந்து, குவாண்டம் ஊடுருவலுக்கு, அதாவது காந்தம் ஆற்றல் தடையை ஏறாமலே மறுதிசைக்குப் புரண்டுவிடுவதற்கு, கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. அண்டை அயல் விலகியதும் காந்தம் பிழைத்தது. இதற்காக நாங்கள் கண்விழித்த இரவுகளைத் தங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து போகிறார்.

சரி, இடைவினையே உதவாது என்றும் நான் சொல்லவில்லை. 2011-இல் நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று எலக்ட்ரான்களைக் கொடுத்து, இணையில்லா எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்பாக்கி, இரண்டு லாந்தனைடுகளுக்கு நடுவே பாலமாக வைத்தார்கள். பாலத்தில் இருந்த இணையில்லா எலக்ட்ரான் இரண்டு அயனிகளையும் தனக்கு எதிராக நிறுத்தியது. அதனாலேயே அவை இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. கடோலினியத்தில் அந்தப் பிணைப்பு 27 செ.மீ.⁻¹ வரை போனது. இவ்வளவு வலுவாகக் கட்டுண்ட பிறகு ஓர் அயனி மட்டும் தனியாகத் திரும்ப முடியாது, அதனால் ஊடுருவல் அடங்குகிறது. 2022-இல் இரண்டு டிஸ்ப்ரோசியம் நடுவே ஒரே எலக்ட்ரானைப் பகிரவைத்தபோது, 60 கெல்வினில் 14 டெஸ்லா புலத்தைக் கொடுத்தும் காந்தத்தைப் புரட்டிவிட முடியவில்லை. இதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். இத்தனை சுவையான விஷயத்தை விட்டுவிட்டு, மூலக்கூறைச் சிவப்பும் நீலமும் பூசிய லாடக் காந்தமாக வரைந்து முழுப்பக்கம் போட்டிருக்கிறீர்கள்.

படத்தைச் சொன்னதும் மற்றதும் நினைவுக்கு வருகிறது. பெட்டிச் செய்தியில் 80 கெல்வினை '80 டிகிரி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே 193 டிகிரி செல்சியஸ். வெந்நீர்ச் சூட்டில் வேலை செய்யும் காந்தம் என்றுதானே வாசகர் நினைப்பார்? இந்தத் துறையில் எந்தச் செய்தி வந்தாலும் கடைசிப் பத்தியில் 'விரைவில் உங்கள் கணினியில்' என்று முடிக்கும் வழக்கமும் தங்கள் இதழில் நின்றபாடில்லை. இதைக் கண்டித்து முன்பே எழுதியிருக்கிறேன். அதில் பாராட்டிய ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பிரசுரித்தீர்கள். நன்றி. மற்ற வரிகளுக்கு இடம் இல்லை போலும். லாடக் காந்தத்துக்கு முழுப்பக்கம் இருந்தது.

கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், அந்த வரி தவறு என்றும், 80 என்பது கெல்வின் என்றும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கட்டுரையாளரைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவர் வேறு எங்கோ படித்ததை எழுதியிருப்பார். இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதானால் முழுதாகப் பிரசுரியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்